நேவா நதிக்கரைக்கு ஒரு சிறு பயணம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்னதானம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். பதினைந்து வயதில் வாளி தூக்கியவர். இப்போது எழுபத்தைந்தை நெருங்குகிறவர்.

"தம்பி, ரேடியோவிலே பேசறவரு நீங்கதானே? எனக்கு ஒரு ஆசை இருக்கு. சொன்னா சிரிக்கக்கூடாது" என்றார்.

"சொல்லுங்கள் ஐயா" என்றேன்.

"நாற்பது வருஷம் பால் வெட்டினேன். அந்தப் பாலெல்லாம் ஷீட்டாகிக் கப்பலேறிப் போச்சு. எங்கே போகுதுன்னு கேட்டா, ரஷ்யாக்காரன் நெறைய வாங்கறான்னு எங்க கிராணி சொல்வாரு. அந்த ஊரு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டு வரணும். பிள்ளைங்க ஆளுக்குக் கொஞ்சம் போடறோம்கறாங்க. அக்கம்பக்கத்திலேயும் நாலு பேரு வரேன்கறாங்க. ஆனா எங்கே தொடங்கறது, எப்படிப் போறதுன்னு யாருக்கும் தெரியலே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கிராணி சொன்னது உண்மைதான். 1960ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு ரப்பரை அதிகமாக வாங்கிய நாடுகளுள் சோவியத் நாடும் ஒன்று. தாம் வெட்டிய பால் போய்ச் சேர்ந்த நாட்டைக் காண ஒரு தொழிலாளி ஆசைப்படுவதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஆசை மட்டும் இருந்தால் போதாது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. ஆகவே, பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு, ரஷ்யாவின் வரலாற்றுப் புகழ்பெற்ற ஒரு நகரத்துக்கு, நான்கு நாள் சுற்றிப் பார்க்கும் சிறு பயணம் ஒன்றை எப்படித் திட்டமிடுவது என்று இன்று பேசுவோம்.

ரஷ்யா மிகப் பெரிய நாடு. நான்கு நாளில் நாலு ஊர் பார்க்க நினைத்தால் ரயிலையும் பெட்டியையும்தான் பார்த்து வருவோம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். ஆகவே ஓர் ஊர் போதும். அந்த ஊர் சென்ட் பீட்டர்ஸ்பர்க். லெனின்கிராட் என்று சொன்னால் உங்களில் மூத்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

இந்த ஊர் பல முறை பெயர் மாறிய ஊர். 1703ஆம் ஆண்டு மே மாதம் பீட்டர் என்ற பேரரசர் நேவா நதியின் கழிமுகத்தில், முயல் தீவு என்று பெயர்கொண்ட ஒரு சிறு தீவில் கோட்டை கட்டத் தொடங்கினார். அதுதான் ஊரின் பிறப்பு. 1914இல் பெட்ரோகிராட் என்று பெயர் மாறியது. 1924இல் லெனின்கிராட் ஆனது. 1991இல் மக்கள் வாக்களித்துப் பழைய பெயரையே மீட்டுக்கொண்டார்கள். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1712 முதல் 1918 வரை ரஷ்யாவின் தலைநகரம் இதுவே.

அங்கே முதலில் இருந்தது சதுப்பு நிலம். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட கதையை நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாம். அந்த ஊரின் கதையும் அப்படிப்பட்டதுதான். பல மாநிலங்களிலிருந்து பண்ணையடிமைகளையும் படைவீரர்களையும் கைதிகளையும் கட்டாயமாகக் கொண்டுவந்து, சேற்றில் நிற்கவைத்து, மண் சுமக்கவைத்தார்கள். குளிராலும் நோயாலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 1714இல் ஓர் ஆணை பிறந்தது. ஊருக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் வண்டியும் வரியாகக் கல் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆணை. இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் அரண்மனைகளுக்கு அடியில் பெயர் தெரியாத தொழிலாளிகளின் உழைப்பு இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். முதல் வேலை பணம் அல்ல, பத்திரம். பன்னிரண்டு பேரின் அடையாளக் கார்டுகளையும் பிறப்புப் பத்திரங்களையும் ஒரே நாளில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். பெயர் எழுத்தில் பிழை இருக்கலாம். யாராவது ஒருவர் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கலாம். அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் குடும்பத்தில் கண்ணீர்தான் மிஞ்சும். முன்பே தெரிந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்ய இதுவே ஒரு தூண்டுகோலாக அமையும். கடப்பிதழ் எடுத்தவர்கள், பயண நாளுக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் அது செல்லுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். விமான டிக்கெட்டில் பெயர், ஏ/எல், ஏ/பி உட்பட, கடப்பிதழில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, நுழைவு விதிகள். இவை அடிக்கடி மாறுகின்றன. யாரோ போய்வந்தவர் சொன்னார் என்று நம்பாதீர்கள். கோலாலம்பூரில் உள்ள ரஷ்யத் தூதரகத்திடம் கேளுங்கள். நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் பயண அறிவுரையையும் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டதிலிருந்து ரஷ்யப் பயணம் முன்போல் எளிதாக இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விமானங்கள் அங்கே போவதில்லை. வளைகுடா நாடுகள் வழியாகவோ துருக்கி வழியாகவோதான் பெரும்பாலும் போக வேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, "ரஷ்யாவுக்கு இது செல்லுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போக வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னால் காத்திருங்கள். முந்நூறு ஆண்டு நின்ற ஊர்; அது எங்கும் ஓடிவிடாது.

மூன்றாவதுதான் பணம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். செலவை ஆறு பங்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். விமானம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுச்சீட்டுகள், சாப்பாடு, கடைசியாகக் கடப்பிதழ், விசா, காப்புறுதி ஆகிய ஆறு. மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கை அவசரச் செலவுக்கு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ஒருவர் மாதம் 150 வெள்ளி சேர்த்தால் நாற்பது மாதத்தில் 6,000 வெள்ளி. அதையே மாதம் 250 வெள்ளியாகச் சேர்த்தால் இருபத்து நான்கு மாதம் போதும். உங்கள் செலவு எவ்வளவு என்பதை நீங்கள் கேட்டுவந்த விலைதான் சொல்லும். வட்டிக்குக் கடன் வாங்கி மட்டும் சுற்றுலா போகாதீர்கள். நான்கு நாள் பார்த்ததற்கு நான்கு ஆண்டு வட்டி கட்டுவது அறிவல்ல.

சேர்த்த பணம் எங்கே இருக்க வேண்டும்? ஒருவர் வீட்டு அலமாரியில் அல்ல. கூட்டுப் பிடித்துச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டுச் சீட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், வெளிநாட்டு யாத்திரை என்று சொல்லி, முகவர் ஒருவர் குடும்பம் குடும்பமாக முன்பணம் வாங்கினார். ரசீது கேட்டவர்களைப் பார்த்து, "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார். புறப்பட வேண்டிய வாரத்தில் ஆளைக் காணோம். தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தவர்கள்கூட அதில் இருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே வங்கியில் சேமியுங்கள். பயண நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் கட்டாயம். ரசீது கேட்பது அவமரியாதை அல்ல. அது உங்கள் உரிமை.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 2022 மார்ச்சிலிருந்து, வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லுபடியாவதில்லை. அங்கே போய் இயந்திரத்தில் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தெருவில்தான் நிற்க வேண்டும். ரொக்கமாகக் கொண்டுபோய் அங்குள்ள வங்கியில் ரூபிளாக மாற்ற வேண்டும். அந்த ரொக்கத்தை ஒருவரிடமே கொடுத்து வைக்காமல் நான்கு பேராகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்? இந்த ஊர் பூமத்தியரேகையிலிருந்து மிகத் தொலைவில், அறுபதாவது பாகைக்கு அருகில் இருக்கிறது. நமக்கு ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரம். அங்கே டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. ஜூன் மாதமோ பத்தொன்பது மணி நேரம் வெளிச்சம். சூரியன் இரவு பத்தரை மணிவாக்கில் மறைந்து, விடியற்காலை மூன்றரைக்கு மேல் எழுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் முழு இருட்டு வருவதில்லை. இதை வெண்ணிரவுகள் என்கிறார்கள். இதைக் காணவே கூட்டம் குவியும். அறை வாடகையும் ஏறும். மே கடைசி வாரமும் செப்டம்பர் முதல் வாரமும் நடுத்தரமான காலம். ஆனால் மேயில்கூட நம் கேமரன் மலையைவிடக் குளிராக இருக்கும். கம்பளிச் சட்டை, மழையங்கி, நல்ல காலணி மூன்றும் வேண்டும். சிலிப்பரோடு கிளம்பாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் வருவதானால் அவ்வாண்டு விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நாள் குறியுங்கள். அங்குள்ள நேரம் நம் நேரத்துக்கு ஐந்து மணி பின்னால். முதல் நாள் மாலையிலேயே தூக்கம் தள்ளும். ஆகவே போய்ச் சேரும் நாளில் எந்த ஏற்பாடும் வைக்காதீர்கள்.

குழுவாகப் போகும்போது ஆளுக்கு ஒரு பொறுப்பு வேண்டும். ஒருவர் தலைவர். ஒருவர் கணக்குப்பிள்ளை; அன்றன்றைய செலவை அன்றிரவே எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும். ஒருவர் பத்திரங்களின் நகல்களை வைத்திருப்பார். ஒருவர் மருந்துப் பை. ஒருவர் தலை எண்ணுபவர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல, ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் பன்னிரண்டு தலையையும் எண்ண வேண்டும். இன்னொன்றும் முக்கியம். குழுவில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவருடைய காலே குழுவின் கால். அவருக்கு ஏற்றபடிதான் நேரத்தை வகுக்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை விட்டுவிட்டு வேகமாக ஓடிப் பத்து இடம் பார்ப்பதைவிட, எல்லாரும் சேர்ந்து ஐந்து இடம் பார்ப்பது மேல்.

இப்போது நான்கு நாளையும் வகுப்போம்.

முதல் நாள், ஊர் பிறந்த இடத்திலேயே தொடங்குவோம். முயல் தீவில் பீட்டர்-பவுல் கோட்டை. அதன் நடுவே உள்ள தேவாலயத்தின் தங்கக் கூம்பு 122 மீட்டருக்கும் மேல் உயரம். பீட்டர் முதலாகப் பேரரசர்கள் பலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நாள்தோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். அந்த நேரத்துக்கு அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வாழ்நாளெல்லாம் மறக்க மாட்டார்கள்.

பிற்பகலில் ஆற்றைக் கடந்தால் குன்ஸ்ட்காமரா என்ற அருங்காட்சியகம். 1714இல் பீட்டர் தொடங்கியது. ரஷ்யாவின் முதல் அருங்காட்சியகம். நமக்கு அங்கே ஒரு சொந்தம் உண்டு. அலெக்சாந்தர் மெர்வார்ட், லுத்மிலா மெர்வார்ட் என்ற கணவனும் மனைவியும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றி, மக்கள் புழங்கும் பொருள்களைச் சேகரித்து இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். மெர்வார்ட் தமிழ் கற்றவர். பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் 1929இல் லெனின்கிராடில் அச்சாயிற்று. பேச்சுத் தமிழை மட்டமாக நினைக்கும் நம்மவர்களும் உண்டு. அதைக் கற்று இலக்கணம் எழுதியவர் அவ்வளவு தொலைவில் இருந்திருக்கிறார்.

இரண்டாம் நாள் அரண்மனைச் சதுக்கம். அங்கே நிற்கும்போது ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1905ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலைத் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு, பேரரசரின் படங்களை ஏந்திக்கொண்டு, மனுக் கொடுக்க அந்த அரண்மனையை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். எட்டு மணி நேர வேலையும் கட்டுப்படியான கூலியும் அவர்கள் கேட்டவை. படைவீரர்கள் சுட்டார்கள். வெள்ளைப் பனி சிவந்தது. அந்த நாளை இரத்த ஞாயிறு என்று வரலாறு சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1917இல், அதே அரண்மனை புரட்சியாளர் கைக்குப் போயிற்று.

அந்தக் குளிர்கால அரண்மனையே இன்று ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தின் முக்கியப் பகுதி. 1764இல் கேத்தரின் பேரரசி ஓவியங்களைச் சேர்க்கத் தொடங்கினார். இன்று அங்கே ஏறத்தாழ முப்பது லட்சம் பொருள்கள் இருக்கின்றன. பொருளுக்கு ஒரு நிமிடம், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எல்லாவற்றையும் பார்த்தால் பதினேழு ஆண்டு ஆகும்! ஆகவே முன்கூட்டியே ஐந்து பொருள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ரெம்பிராண்ட் வரைந்த 'ஊதாரி மகனின் திரும்புதல்' என்ற ஓவியத்தைக் கட்டாயம் பாருங்கள். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கிழிந்த செருப்போடு வீடு திரும்பிய மகன் முழங்காலிட்டிருக்கிறான். கண்பார்வை மங்கிய தந்தை இரு கைகளையும் அவன் முதுகில் வைத்திருக்கிறார். அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் போதும். சிறுவர்களுக்குப் பூனைகளைப் பற்றிச் சொல்லுங்கள். எலி பிடிக்க 1745இல் எலிசபெத் பேரரசி பூனைகளை வரவழைத்தார். இன்றும் அரண்மனையின் நிலவறையில் பூனைகள் வேலையில் இருக்கின்றன. திங்கட்கிழமை ஹெர்மிட்டேஜுக்கு விடுமுறை. எந்த இடத்துக்குப் போவதானாலும் அதன் விடுமுறை நாளைக் கேட்ட பிறகே திட்டத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பீட்டர்ஹோஃப் தோட்ட அரண்மனை. கோடை காலத்தில் நேவா நதியிலிருந்து விசைப்படகில் போகலாம். அங்குள்ள நீரூற்றுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை இயக்கப் பம்பு கிடையாது. தொலைவிலுள்ள மேட்டு நிலத்து நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து குளங்களில் தேக்கி, குழாய் வழியாக இறக்குகிறார்கள். மேட்டிலிருந்து இறங்கும் நீர் தன் வேகத்தாலேயே மேலே பீறிடுகிறது. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து எழும் நீர் இருபது மீட்டர் உயரம் போகும். இலையுதிர் காலம் முற்றியதும் ஊற்றுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அக்டோபர் கடைசியில் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

நான்காம் நாளைச் சற்று அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை பிஸ்கார்யோவ்ஸ்கோயே நினைவிடத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப்போரில், 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் ஜெர்மன் படை இந்த ஊரைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டது. 1941 நவம்பர் 20 முதல் ஐந்து வாரங்கள், தொழிலாளிக்கு நாளைக்கு 250 கிராம் ரொட்டி. பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் 125 கிராம். நம் வீட்டு ரொட்டியில் நாலு துண்டு எடை. அதிலும் பாதி மாவல்லாத கலப்பு. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இங்கே அதுவும் கிடைக்கவில்லை. உறைந்துபோன லடோகா ஏரியின் பனிக்கட்டிமேல் லாரி ஓட்டி உணவு கொண்டுவந்தார்கள். அந்த வழிக்கு உயிர்ப்பாதை என்று பெயர். இந்த நினைவிடத்தில் மட்டும் 186 பெரும் புதைகுழிகளில் ஏறத்தாழ 420,000 பொதுமக்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். குழிகளின்மேல் பெயர் இல்லை. ஆண்டு மட்டும் இருக்கிறது.

வானொலியில் பேசுகிற நான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த முற்றுகைக் காலத்தில் லெனின்கிராட் வானொலி, நிகழ்ச்சி இல்லாத நேரங்களில் ஒரு தாளக் கருவியின் 'டக், டக்' ஓசையை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. மெதுவாக ஒலித்தால் ஆபத்து இல்லை. வேகமாக ஒலித்தால் குண்டு வீச்சு வருகிறது. ஓசை கேட்கும் வரை ஊர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். 1942 ஆகஸ்டு 9ஆம் தேதி, பசியில் மெலிந்த வானொலி இசைக்குழுவினர், ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது இசைக்கோவையை வாசித்தார்கள். ஒலிபெருக்கி வழியாக எதிரிப் படையின் காதிலும் அது விழும்படி செய்தார்கள்.

பிற்பகலில் புனித ஐசக் தேவாலயம். அதன் தங்கக் குவிமாடம் ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். அந்தத் தங்க முலாம் பூசும்போது பாதரச ஆவியைச் சுவாசித்துத் தொழிலாளர் பலர் மாண்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். அதே சதுக்கத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. பயண நிறுவனத்தார் அதைக் காட்ட மாட்டார்கள்; நீங்கள் கேட்டுப் பாருங்கள். வவிலோவ் தாவர வள ஆராய்ச்சிக் கூடம். உலகம் முழுவதும் சுற்றி நிக்கொலாய் வவிலோவ் என்ற அறிஞர் சேர்த்த விதைகள் அங்கே இருந்தன. நெல், கோதுமை, சோளம், கடலை, கிழங்கு எல்லாம் இருந்தன. முற்றுகையின்போது ஊழியர்கள் பட்டினி கிடந்தார்கள். ஆனால் விதையைத் தின்னவில்லை. கடலைப் பிரிவைக் கவனித்த அலெக்சாந்தர் ஷூக்கின் பட்டினியால் இறந்தார். நெல் பிரிவைக் கவனித்த திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் சுற்றிலும் இருக்க, பட்டினியால் இறந்தார். வவிலோவோ 1940இலேயே தம் அரசாலேயே கைது செய்யப்பட்டு, 1943இல் சிறையில் மாண்டார். இன்று அந்தக் கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. விதைநெல்லை உண்ணக்கூடாது என்று நம் முன்னோர் சொல்வார்கள். அதை உயிர் கொடுத்துக் காத்தவர்கள் வாழ்ந்த இடம் அது.

சரி, பெரியவரின் ரப்பர் என்னவாயிற்று? இந்த ஊரின் அப்வோத்னி கால்வாய்க் கரையில் செங்கல்லால் கட்டிய பெரிய ரப்பர் தொழிற்சாலை ஒன்று 1860இல் தொடங்கியது. 'முக்கோணம்' என்பது அதன் பெயர். பனியிலும் சேற்றிலும் காலணிக்குமேல் மாட்டும் ரப்பர் உறையை அது செய்தது. இன்று அதில் பெரும்பகுதி பாழடைந்து நிற்கிறது. உள்ளே போக வேண்டாம். கரையில் நின்று பார்த்தால் போதும். இன்னொரு செய்தி பெரியவருக்குக் கசப்பாக இருக்கலாம். 1920ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷார் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தினார்கள். பிறர் மரத்தை நம்பியிருக்க விரும்பாத சோவியத் அரசு 1926இல் ஒரு போட்டி வைத்தது. லெனின்கிராட் வேதியியல் அறிஞர் செர்கேய் லெபெதெவ், சாராயத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்து, 1927 முடிவில் இரண்டு கிலோ மாதிரியை அனுப்பிவைத்தார். 1932இல் தொழிற்சாலையே எழுந்தது. நம் பாலுக்குப் பெரும் போட்டி ஒன்று அந்த ஊரில்தான் பிறந்தது. ஆனாலும் மரத்துப் பாலுக்கு உள்ள வலிமை செயற்கைக்கு முழுதும் வரவில்லை. அதனால்தான் செயற்கை ரப்பர் செய்த நாடே பிறகும் நம்மிடம் வாங்கிற்று.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே சோறு எல்லா இடத்திலும் கிடைக்காது. கருப்பு ரொட்டி, பக்வீட் என்ற தானியக் கஞ்சி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தோசைபோல் வார்க்கும் பிளினி ஆகியவை கிடைக்கும். பீட்ரூட் சூப்பில் மாட்டிறைச்சி இருப்பதுண்டு. மாட்டிறைச்சிக்குக் 'கவ்யாதினா' என்று பெயர். இறைச்சி வேண்டாம் என்பதற்குப் 'பெஸ் மியாசா' என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ரஷ்ய எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் பெயரையும் அப்படியே. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். இரவில் கவனம் வேண்டும். கப்பல்கள் போக, நள்ளிரவுக்குப்பின் நேவாவின் பெரிய பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். வேடிக்கை பார்க்க அழகுதான். ஆனால் தங்குமிடம் அக்கரையில் இருந்தால் விடியும் வரை இக்கரையில் குளிரில் நிற்க நேரிடும்.

நேயர்களே, இவ்வளவையும் அந்தப் பெரியவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சென்ற மாதம் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். இன்னும் பயணம் கிளம்பவில்லை. ஆனால் பத்துப் பேருக்குக் கடப்பிதழ் வந்துவிட்டது. பதினோராமவர் பெயர்ப் பிழையைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாமவர், பெரியவரின் மனைவி. ஐம்பது ஆண்டுகளாகச் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கிறார். இப்போதுதான் குடியுரிமைக்கு மனுச் செய்திருக்கிறார். "அவளுக்குக் கிடைக்கிற வரைக்கும் நாங்க யாரும் போறதா இல்லேங்க" என்று பெரியவர் சொல்லிவிட்டாராம். மெதுவாக நடப்பவரின் காலே குழுவின் கால் என்று நான் எழுதிக் கொடுத்ததை அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

நீங்களும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு பயணத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். ரஷ்யாவாக இல்லாவிட்டாலும் மலாக்காவாக இருக்கட்டும். அதற்கு முன், இன்றிரவே எல்லாருடைய பத்திரங்களையும் மேசைமேல் வைத்துப் பாருங்கள்.